நாயிடம் ஓடக் கற்றோம். நாயைக் கட்டிப் போட்டோம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செல்லப்பிராணிகளும் உடல்நலமும் என்பது அரங்கின் பொதுத் தலைப்பு. அதில் எனக்குக் கொடுக்கப்பட்ட பகுதி, நாயோடு சேர்ந்து நடப்பதும் ஓடுவதும். நான் மருத்துவன் அல்லன், வரலாறு படிப்பவன். ஆகவே, நாயை எத்தனை நிமிடம் நடக்க வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். நாம் நாயை நடக்க அழைத்துப் போகிறோமா, அல்லது நாய்தான் நம்மை அழைத்துப் போகிறதா?

இது வேடிக்கைக்காகக் கேட்கும் கேள்வி அன்று. உடற்பயிற்சிக்காக ஓடுவது என்று இன்று நாம் சொல்லும் பழக்கத்தின் ஒரு கிளை, மனிதன் நாயைப் பார்த்து விளையாடிய விளையாட்டிலிருந்து வந்தது. அந்த விளையாட்டின் உலகப் புகழ்பெற்ற வடிவம் பிறந்த ஊர் நம் கோலாலம்பூர். அந்தக் கதைக்குப் போகும் முன் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் மணி

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். என் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக்குப் போவார். அங்கிருந்து வெட்டு மரங்களுக்குப் போவார். எங்கள் லயத்து நாய் மணி அவருக்குப் பின்னாலேயே போகும். அப்பா ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடப்பார், மணியும் நடக்கும். அவர் குனிந்து கோடு வெட்டும்போது அது சுற்றிலும் மோப்பம் பிடிக்கும். பாம்பு கண்டால் குரைக்கும். இப்படி நூற்றுக்கணக்கான மரங்கள். பின்பு பால் எடுக்க மறுபடியும் அதே மரங்கள். அப்பா ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடந்தார் என்று யாரும் அளந்ததில்லை. அதற்கு உடற்பயிற்சி என்றும் யாரும் பெயர் வைக்கவில்லை. அது வேலை, அவ்வளவுதான்.

பிறகு பலருக்கும் நேர்ந்ததே எங்களுக்கும் நேர்ந்தது. தோட்டம் கைமாறியது, லயம் காலியானது, நான் வேலை பார்த்த பட்டணத்தில் தாமான் வீடு ஒன்றுக்குக் குடிவந்தோம். மணியும் வந்தது. வாசலில் வாகனங்கள் ஓடும் இடம். அண்டை வீட்டாருக்கும் பயம். கடைக்குப் போய் ஒரு சங்கிலி வாங்கி வந்தேன். மணியை வாசற்கதவருகே கட்டினேன். கட்டியவன் நான்தான். அப்பா நாற்காலியைக் கொண்டு வந்து அதன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அந்தக் காட்சியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்ப வருகிறேன்.

ஒரு கிரேக்கர் சொன்ன வைத்தியம்

நாயும் மனிதனும் சேர்ந்து வாழத் தொடங்கியது உழவுக்கும் முந்தியது. ஜெர்மனியில் பான் நகரத்தின் அருகே ஓபர்காசல் என்னும் இடத்தில், 1914ஆம் ஆண்டு ஒரு கல்லுடைக்கும் இடத்தில் பழைய புதைகுழி கிடைத்தது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்தையது. வேட்டைக்காக நாளெல்லாம் நடந்த மக்களின் கூட்டத்தில், கூடவே நடந்த விலங்கு அது. ஆடும் மாடும் நம்மிடம் வந்து சேர்ந்தது அதற்கு வெகு காலம் கழித்து.

ஆனால், நாயோடு ஓடுவது உடம்புக்கு நல்லது என்று எழுதி வைத்தவர்களில் மிகப் பழையவர் ஏதென்ஸ் நகரத்து செனபோன். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர், படைத்தலைவர், சாக்ரட்டீசின் மாணவர். அவர் பெயரில் வழங்கும் வேட்டை நூல் முயல் வேட்டையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அதில் குதிரை கிடையாது. நாய்கள் முயலின் மோப்பத்தைப் பிடித்து ஓட, மனிதன் காலால் பின்தொடர்ந்து ஓட வேண்டும். இப்படி வேட்டையில் ஈடுபடுபவனுக்கு உடல் நலமாக இருக்கும், கண்ணும் காதும் கூர்மையாகும், முதுமை சீக்கிரம் அணுகாது என்கிறார் செனபோன். இன்றைய சுகாதாரத் துண்டறிக்கை எழுதுபவர்கூட இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இன்னொரு நுணுக்கமும் சொல்கிறார். நாய்க்குப் பெயர் சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஓடிக்கொண்டே கூப்பிட முடியும் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறார். எல்லாம் ஓரிரு அசைப் பெயர்கள். எங்கள் லயத்தில் யாரும் செனபோனைப் படித்ததில்லை. ஆனால் எங்கள் நாயின் பெயர் மணி. பக்கத்து வீட்டு நாயின் பெயர் ராஜா. நாயோடு நடந்தவன் எந்த நாட்டவனாக இருந்தாலும் ஒரே பாடத்தைத்தான் கற்றிருக்கிறான்.

பள்ளிப் பிள்ளைகள் நாயானார்கள்

இனி இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட நாய் இனம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஹாரியர். கூட்டமாக ஓடும், கண்ணால் பார்த்து ஓடாது, மோப்பத்தால் ஓடும். மோப்பம் அறுந்து போனால் கூட்டம் நின்று, நாலா பக்கமும் பிரிந்து தேடும். ஒரு நாய் கண்டுபிடித்துக் குரல் கொடுத்தால் மற்றவை அதன் பின்னால் ஓடும். வேட்டைப் பிரியர்கள் இதைப் பார்த்து ரசித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பார்த்தார்கள்.

பார்த்த பிள்ளைகள் அதை விளையாட்டாக்கினார்கள். ஷ்ரூஸ்பரி என்னும் ஊரிலுள்ள பழைய பள்ளியில், 1819ஆம் ஆண்டு வாக்கிலேயே இந்த விளையாட்டு நடந்ததற்குச் சான்று உண்டு. 1831 முதல் எழுத்துப் பதிவுகளும் இருக்கின்றன. இரண்டு மாணவர்கள் நரியாகி, கிழித்த காகிதத் துண்டுகளை வழியெல்லாம் போட்டுக்கொண்டு முன்னால் ஓடுவார்கள். காகிதம்தான் மோப்பம். மற்ற மாணவர்கள் வேட்டைநாய்கள். அவர்கள் பெயர்களை எழுதி வைத்த ஏட்டுக்குப் பெயரே நாய் ஏடு. தலைவனுக்கு வேட்டைத் தலைவன் என்று பெயர். இந்த ஓட்டக் குழு உலகின் மிகப் பழைய நெடுந்தொலைவு ஓட்டக் குழுக்களில் முதன்மையானதாகச் சொல்லப்படுகிறது. ரக்பி பள்ளியிலும் இதே விளையாட்டு நடந்தது. தாமஸ் ஹியூஸ் 1857ஆம் ஆண்டு எழுதிய டாம் பிரவுன் பள்ளிக் கதையில் அது வந்ததால், படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கெல்லாம் அது அறிமுகமாயிற்று.

1868ஆம் ஆண்டு லண்டனில் படகோட்டிகள் சிலர், குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க இதையே கையில் எடுத்தார்கள். ‘தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்’ என்று சங்கம் அமைத்தார்கள். முயலும் வேட்டைநாய்களும் என்று பொருள். அதற்குப் பின் வந்த ஓட்டச் சங்கங்கள் பலவும் தங்களுக்கு ஹாரியர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டன. பர்மிங்காமின் பர்ச்ஃபீல்டு ஹாரியர்ஸ் 1877இல் தொடங்கப்பட்டது. அதிலிருந்து ஒலிம்பிக் வீரர்கள் பலர் வந்தார்கள். ஓட்டக்காரர்கள் தங்களை நாய் என்று அழைத்துக்கொள்வதில் பெருமைப்பட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நம்மூரில் ஒருவரை நாயே என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்!

இரண்டு கிளைகள்

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வேட்டை என்னும் ஒரே மரத்திலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒரு கிளையில் நாய் விலகிக்கொண்டது, ஓட்டம் மிஞ்சியது. மற்றொரு கிளையில் வேட்டை விலகிக்கொண்டது, நாய் மிஞ்சியது. முதலாவது ஓட்டச் சங்கம். இரண்டாவது, நாயோடு நடக்கும் மாலை நடை.

இரண்டாவது கிளைக்கு அழகான உதாரணம், ஷ்ரூஸ்பரி பள்ளியிலேயே 1818 முதல் 1825 வரை படித்த ஒரு மாணவர். பெயர் சார்ல்ஸ் டார்வின். இளமையில் துப்பாக்கியும் நாயுமாகத் திரிகிறான் என்று தந்தையிடம் திட்டு வாங்கியவர். அதைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் தாமே எழுதியிருக்கிறார். பின்னாளில் வேட்டையை விட்டார், நாயை விடவில்லை. 1842இல் டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினார். சில ஆண்டுகளில் வீட்டுக்குப் பின்னால் மணல் பரப்பிய வட்டப் பாதை ஒன்றை அமைத்துக்கொண்டார். ஆண்டுக்கணக்காக அவரை வயிற்றுக் கோளாறும் சோர்வும் வாட்டின. ஆனாலும் அந்தப் பாதையில் அன்றாடம் நடந்தார். திருப்பத்தில் சில கற்களைக் குவித்து வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லைத் தள்ளிவிடுவார்; சுற்றுகளை மனத்தில் எண்ண வேண்டியதில்லை, சிந்தனை தடைப்படாது.

அவருடைய கடைசிக் காலத்தில் அந்த நடைக்குத் துணை பாலி என்னும் வெள்ளை நிறச் சிறு நாய். மகள் வளர்த்தது, மகள் திருமணமாகிப் போனபின் தந்தையோடு ஒட்டிக்கொண்டது. 1882 ஏப்ரலில் டார்வின் இறந்தார். சில நாட்களில் பாலியின் வாழ்வும் முடிந்தது. உயிரினங்களின் வரலாற்றையே மாற்றி எழுதியவரின் அன்றாட உடற்பயிற்சி இவ்வளவுதான்: ஒரு பாதை, சில கற்கள், ஒரு நாய்.

திங்கட்கிழமை மாலை, கோலாலம்பூர்

இப்போது முதல் கிளைக்குத் திரும்புவோம். அது கப்பலேறி மலாயாவுக்கு வந்தது. காகிதம் தூவி ஓடும் பழக்கம் இங்கிருந்த வெள்ளைக்காரர்களிடையே இருந்தது. மலாக்காவில் ஸ்பிரிங்கிட் ஹாரியர்ஸ் என்று ஒரு குழு. அதில் ஓடிப் பழகிய ஆல்பர்ட் ஸ்டீபன் கிஸ்பர்ட் என்னும் கணக்காளர் பின்னர் கோலாலம்பூருக்கு வந்தார். 1938ஆம் ஆண்டு நண்பர்களைச் சேர்த்து ஓட்டம் தொடங்கினார். திங்கட்கிழமை மாலைகளில் ஓட்டம். சிலாங்கூர் கிளப்பைச் சேர்ந்த விடுதியில்தான் அவர்களில் பலருக்குச் சாப்பாடு. அங்கே கிடைத்த சுவையற்ற உணவைக் கேலி செய்து, அந்த விடுதிக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘ஹாஷ் ஹவுஸ்’. கொத்திப் போட்டுக் கிளறிய சோற்றுக்கடை என்று சொல்லலாம். அந்தப் பட்டப்பெயரும் முயல்வேட்டை நாயின் பெயரும் சேர்ந்து ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் ஆயிற்று.

போர் வந்தது. கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன், அந்தத் தீவைக் காக்கும் போரில் உயிரிழந்தார். பிழைத்த நண்பர்கள் 1946இல் மீண்டும் ஓடத் தொடங்கினார்கள். 1950இல் சங்கத்தைப் பதிவு செய்தபோது நோக்கங்களை எழுதிக் கொடுத்தார்கள். உடல் தகுதியை வளர்ப்பது ஒன்று. வார இறுதிக் குடிமயக்கத்தைப் போக்குவது இன்னொன்று. நல்ல தாகத்தை உண்டாக்கி, அதைப் பீரால் தணிப்பது மற்றொன்று. இந்த இரண்டையும் நாம் விட்டுவிடலாம். நாலாவது நோக்கம்தான் எனக்குப் பிடித்தது. வயதான உறுப்பினர்களுக்கு, அவர்கள் நினைக்கிற அளவுக்கு அவர்கள் கிழவர்கள் அல்லர் என்று புரிய வைப்பது. 1962இல் சிங்கப்பூரிலும் கிளை தொடங்கியது. இன்று உலகெங்கும் ஏறத்தாழ 2,000 குழுக்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

இந்த ஓட்டத்தின் நுட்பம் முழுக்க நாயிடமிருந்து வந்தது. முயலாக ஓடுபவர் வழியில் அடையாளங்களை இட்டுக்கொண்டே போவார். ஓரிடத்தில் அடையாளம் அறுந்துவிடும். முன்னால் ஓடியவர்கள் நின்று, நாலா பக்கமும் தேட வேண்டும். தவறான வழியில் போய்த் திரும்பவும் நேரும். அதற்குள் பின்னால் மூச்சு வாங்கி வருபவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். வழி கிடைத்ததும் ஒருவர் ‘ஆன் ஆன்’ என்று குரல் கொடுப்பார். மறுபடியும் எல்லாரும் ஒன்றாக ஓடுவார்கள். வேகமானவனும் மெதுவானவனும் ஒரே கூட்டமாக முடிக்கிறார்கள். பந்தயமே கிடையாது. நாய்க்கூட்டம் மோப்பத்தை இழந்து தேடும் முறையை அப்படியே எடுத்து, தொந்தி விழுந்தவரும் ஓடக்கூடிய விளையாட்டாக மாற்றிவிட்டார்கள்.

ஒரே பாதை, இரண்டு ஜோடிக் கால்கள்

இந்த வரலாற்றில் இன்னொரு பக்கம் உண்டு. நம் வீட்டுக் கதை தொடுகிற இடம் அதுதான். கிஸ்பர்ட்டும் நண்பர்களும் ஓடிய வழிகள் எவை? கோலாலம்பூரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களின் வழிகளும் காட்டோரங்களும். அதே தோட்டங்களில்தான் நம் பாட்டனார்களும் பாட்டிமார்களும் அதிகாலையில் நடந்தார்கள். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு மாலையில் ஓட்டம் தேவைப்பட்டது. மரத்துக்கு மரம் நடந்தவனுக்கு மாலையில் உட்காருவது தேவைப்பட்டது. இருவருடைய தேவையும் நியாயமானதே.

காலம் மாறியது. நாம் தோட்டத்தைவிட்டு வந்து அலுவலக நாற்காலியிலும், தொழிற்சாலை வண்டியிலும், தொலைக்காட்சிக்கு முன்னாலும் உட்கார்ந்துவிட்டோம். நாற்காலி நமக்கு வந்தது, ஓட்டம் வரவில்லை. உடம்பை வருத்துவது ஏழையின் தலைவிதி, உட்காருவது முன்னேற்றம் என்று நம்மில் பலர் மனத்தில் பதிந்துவிட்டது. என் மனத்திலும் அது இருந்தது. அப்பா இனி நடக்க வேண்டாம், உட்காரட்டும் என்று நினைத்துத்தான் நானும் நல்ல நாற்காலியாகப் பார்த்து வாங்கினேன்.

விளைவு என்ன? மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் பாதிப்பேர் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள். இனிப்புநீர் நோய் அப்போது ஐவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பத்துப் பேரில் மூவருக்கு. மூன்று பெரிய இனங்களில் நாம்தான் முதலிடம். இந்த முதலிடத்தை யாரிடமாவது கொடுத்துவிட முடியுமா என்று பார்க்க வேண்டாமா?

ஆய்வுகள் சொல்வது

இரண்டாவது கிளையை, அதாவது நாயோடு நடக்கும் நடையை, ஆய்வாளர்கள் கவனிக்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். 1980இல் அமெரிக்காவில் எரிக்கா ஃபிரீட்மன் குழுவினர், மாரடைப்பு போன்ற இதயக் கோளாறால் மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 92 பேரை ஓராண்டு கவனித்தார்கள். வீட்டில் வளர்ப்பு விலங்கு இருந்த 53 பேரில் மூவர் இறந்தார்கள். இல்லாத 39 பேரில் 11 பேர் இறந்தார்கள். சிறிய ஆய்வுதான், விலங்கு வளர்த்ததால்தான் பிழைத்தார்கள் என்று இதைக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

1991இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் செர்ப்பெல், புதிதாக நாயோ பூனையோ வாங்கியவர்களைப் பத்து மாதங்கள் பின்தொடர்ந்தார். நாய் வாங்கியவர்களின் நடை கூடியது. பத்து மாதம் கழித்தும் குறையவில்லை. நம்மில் எத்தனைப் பேர் வாங்கிய உடற்பயிற்சிச் சாதனம் பத்தாவது மாதத்தில் துணி காயப்போடப் பயன்படுகிறது! நாயை அப்படித் துணி காயப்போடப் பயன்படுத்த முடியாது. காலையில் வந்து எதிரே நின்று பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

2019இல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பு வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த அளவு. அவர்கள் ஆராய்ந்த பகுதியில், நாய் வளர்ப்போர் அந்த அளவை எட்டும் வாய்ப்பு, வளர்க்காதவர்களைவிட நான்கு மடங்கு இருந்தது. அதற்காக அவர்கள் மெதுவோட்டத்தையும் மற்ற உடற்பயிற்சியையும் குறைத்துக்கொள்ளவும் இல்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பலன் நாய் வைத்திருப்பதில் இல்லை. நாயோடு நடப்பதில் இருக்கிறது. வாசலில் கட்டிப் போட்ட நாயால் யாருடைய இரத்தச் சர்க்கரையும் குறையாது. வீட்டுப் பணிப்பெண் நாயை நடக்க அழைத்துப் போனால், நலம் பணிப்பெண்ணுக்கும் நாய்க்கும்தான். வாசலில் நின்று வழியனுப்புகிற நமக்கு இல்லை.

நம் வெயிலுக்கு ஏற்ற நடை

இங்கிலாந்துப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் வெயில் வேறு. நம் அக்கம்பக்கமும் வேறு.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நம் நாட்டில் அதுவும் எளிதல்ல. ஆகவே, காலை 7 மணிக்கு முன்னால், அல்லது பொழுது சாய்ந்து தார்ச்சாலை ஆறிய பிறகு போங்கள். புறங்கையைச் சாலையில் சில வினாடி வைத்துப் பாருங்கள். உங்கள் கை பொறுக்காத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது. தண்ணீர் கொண்டு போங்கள். மூக்குச் சப்பையான இனங்களுக்கு மூச்சு எளிதில் முட்டும். அவற்றை ஓட வைக்காதீர்கள். நீண்ட காலம் கட்டிக் கிடந்த நாயை முதல் நாளே 3 கிலோமீட்டர் இழுத்துப் போகக் கூடாது. அதற்கு விலங்கு மருத்துவரையும், உங்களுக்கு உங்கள் மருத்துவரையும் பார்த்துவிட்டு, 10 நிமிடத்தில் தொடங்குங்கள். நாய் நிற்கும் இடத்தில் நில்லுங்கள். ஹாஷ் ஓட்டத்தின் பாடமும் அதுதான்: பின்தங்கியவர் வந்து சேரும்வரை காத்திருப்பது.

அடுத்து அக்கம்பக்கம். நாம் பல இனத்தவர் சேர்ந்து வாழும் நாட்டில் இருக்கிறோம். நாயைத் தொடுவதைச் சமய ஒழுக்கத்தின்படி தவிர்க்கும் அண்டை வீட்டார் நமக்கு உண்டு. நாய்க்குப் பயப்படும் குழந்தைகளும் உண்டு. கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். எதிரே ஆள் வந்தால் நாயோடு ஒதுங்கி நின்று வழி விடுங்கள். மின்தூக்கியில் வேறொருவர் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருங்கள். நாய் போடும் கழிவைப் பையில் எடுத்துப் போடுங்கள். உரிமமும் தடுப்பூசியும் ஒழுங்காக இருக்கட்டும். சில மாதம் இப்படி நடந்து பாருங்கள். முன்பு கதவைச் சாத்தியவர்கள்கூடத் தள்ளி நின்று தலையசைத்து நலம் கேட்பார்கள். இது என் தெருவில் நான் கண்டது.

நாய் வளர்க்க வசதி இல்லாதவர்களும், விரும்பாதவர்களும் இருப்பீர்கள். நடப்பதற்காக நாய் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. பத்து, பன்னிரண்டு ஆண்டுப் பொறுப்பு அது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம்தான் பேசுகிறேன். உங்கள் வாசலில் ஒரு பயிற்சியாளர் கட்டிக் கிடக்கிறார்; அவரை அவிழ்த்து விடுங்கள் என்கிறேன்.

அப்பா சொன்னது

இனி அந்த வாசற்கதவுக்குத் திரும்புகிறேன்.

மணி தாமான் வீட்டில் நாலு ஆண்டு இருந்தது. முதல் ஆண்டு, அப்பா எழும் நேரத்துக்கு அதுவும் எழுந்து சங்கிலியை இழுத்துக்கொண்டு நிற்கும். அடுத்த ஆண்டு எழுந்து நிற்கும், இழுக்காது. அதற்கப்புறம் எழுந்து நிற்பதையும் விட்டுவிட்டது. உடம்பு பெருத்தது. நாங்கள் நன்றாகச் சாப்பிடுகிறது என்று மகிழ்ந்தோம். அப்பாவுக்கும் உடம்பு பூசியது. பட்டணத்துச் சோறு ஒத்துக்கொண்டது என்றார்கள் உறவினர்கள். இனிப்புநீர் வந்தது. காலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. ஒரு விரலை எடுத்தார்கள்.

அவர் மருத்துவமனையில் இருந்த வாரத்தில் மணி இறந்து போனது. அவர் வீட்டுக்கு வந்ததும் வாசலில் கிடந்த வெறும் சங்கிலியைப் பார்த்தார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். வயசாகிவிட்டது அப்பா, நாம் நன்றாகத்தானே வைத்திருந்தோம் என்றேன். அவர் கோபப்படவில்லை. “மணிய மட்டுமா தம்பி கட்டிப் போட்ட? என்னையும் சேத்துத்தான் கட்டிப் போட்ட” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

அவர் அதன்பின் ஆறு ஆண்டு இருந்தார். மருத்துவர் நடக்கச் சொன்னார். புண்பட்ட காலோடு அவரால் தெருமுனை வரைதான் நடக்க முடிந்தது. துணைக்குப் போக ஆளும் இல்லை. நான் வேலைக்குப் போய்விடுவேன். மணி இருந்திருந்தால், முன்னமே அவிழ்த்து விட்டிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். அவ்வளவு தூரம் அவரோடு நடந்தது அதுதானே.

இப்போது என் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. தெருவில் கிடைத்தது. பெயர் சிறியதுதான்: குட்டி. சங்கிலி இல்லை, வேலி இருக்கிறது, நடக்கப் போகும்போது கயிறு இருக்கிறது. எனக்கும் இனிப்புநீர் எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஒவ்வொரு காலையும் 6 மணிக்கு அது வந்து என் கால்மாட்டில் நிற்கும். சில நாள் எனக்கு எழ மனம் வராது. அது விடாது. ஆகவே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என்னளவில் விடை தெரியும். குட்டிதான் என்னை அழைத்துப் போகிறது.

செனபோன் காலத்திலிருந்து நம் கிஸ்பர்ட் காலம்வரை மனிதன் நாயைப் பார்த்து ஓடினான். அதைக் கட்டிப் போட்டபோது நம் காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டோம். இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் நேரத்தில் உங்கள் வீட்டு வாசலில் ஒரு நாய் கட்டிக் கிடக்கலாம். அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உங்கள் அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்திருக்கலாம். இன்று மாலை வெயில் தாழ்ந்ததும் இருவரையும் எழுப்பித் தெருமுனை வரை அழைத்துப் போங்கள். நீங்களும் கூடப் போங்கள்.